வைகை இல்லாத ஊரில் அழகர்: ஓர் ஆங்கிலத் தாளின் நிகழ்வு ஆய்வு

2023 மே மாதம், பல கல்லூரிகளின் விடைத்தாள்களை ஓரிடத்தில் வைத்துத் திருத்தும் மைய மதிப்பீட்டு முகாம். பகுதி 2 ஆங்கிலம், இரண்டாம் பருவத் தாள். மின்விசிறி சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாடு முடிந்து எல்லோருக்கும் கண் சொக்கும் நேரத்தில் முதன்மைத் தேர்வாளர் எழுந்து வந்து என் மேசையில் ஆறு விடைத்தாள்களை விரித்து வைத்தார். "மேடம், இந்தக் கட்டுரையை மட்டும் படிச்சுப் பாருங்க."

வினா எளிமையானது: உங்கள் ஊரில் நடக்கும் ஒரு திருவிழா பற்றிக் கட்டுரை எழுதுக. 8 மதிப்பெண். ஆறு பேரும் ஒரே மாதிரி தொடங்கியிருந்தார்கள். என் சொந்த ஊர் மதுரை. எங்கள் ஊரில் வைகை ஆறு ஓடுகிறது. சித்திரைப் பௌர்ணமி அன்று கள்ளழகர் ஆற்றில் இறங்குவார்.

அந்த விடைத்தாள் கட்டு வந்த கல்லூரி நொய்யலுக்கும் அமராவதிக்கும் நடுவில் இருக்கிறது. சுற்றிலும் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம், விசைத்தறிக் கூடம், எண்ணெய் ஆலை, கோழிப்பண்ணை. மதுரைக்காரர் ஒருவர் படிக்கலாம், இருவர் படிக்கலாம். ஆறு பேர் வந்து, ஆறு பேரும் அழகரை ஒரே வரியில் ஆற்றில் இறக்குவது எப்படி?

அதைவிடப் பெரிய சங்கதி மூன்றாம் பத்தியில் இருந்தது. அழகரின் ஊர்வலத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'புரொசெஷன்' என்பதற்குப் பதில் 'புரொஃபெஷன்' என்று எழுதியிருந்தார்கள். அதாவது, அழகரின் தொழில் இரவு முழுக்க நடந்தது. அதைப் பார்க்க லட்சக்கணக்கான மக்கள் கூடினார்கள். சிரித்தோம். சிரித்துவிட்டு மற்றக் கட்டுகளையும் பிரித்துப் பார்த்தோம். சாயங்காலத்துக்குள் 31 தாள்கள் சேர்ந்துவிட்டன. ஏறக்குறைய எல்லாவற்றிலும் அழகருக்குத் தொழில் இருந்தது.

அதில் ஒரு கட்டு நான் திருத்தியது. சிவப்பு மையில் என் சுருக்கொப்பம். அழகர் தாள்களுக்கு நான் 6 போட்டிருந்தேன். காலையில் அத்தனையையும் படித்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இது வேண்டும்.

கல்லூரியின் பெயரையும், பின்னால் வரப்போகும் நோட்ஸைப் போட்டவர் யார் என்பதையும் இங்கே எழுதப்போவதில்லை. மாணவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

தாளும் அதன் கணக்கும்

வெளியூர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. தமிழ்நாட்டில் இளங்கலை படிப்பவர் எந்தப் பாடம் எடுத்தாலும் பகுதி 1இல் தமிழோ வேறு மொழியோ, பகுதி 2இல் ஆங்கிலமும் படித்தாக வேண்டும். வணிகவியல், கணிதம், வரலாறு என்று எதுவானாலும் சரி, பெரும்பாலும் நான்கு பருவம். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது ஆங்கிலம்தான் பாடமொழி. இன்று வகுப்பில் பாதிப் பேச்சு தமிழில்தான் நடக்கிறது, ஆனால் பட்டம் வாங்க ஆங்கிலத் தாளைத் தாண்டியே ஆக வேண்டும்.

எங்கள் முறையில் அகமதிப்பீட்டுக்கு 25, எழுத்துத் தேர்வுக்கு 75. தேர்ச்சிக்கு அந்த 75இல் 30 வேண்டும். தாளில் மூன்று பிரிவு: ஒரு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 5, எட்டு மதிப்பெண் 5. அந்த 30ஐ எட்ட மாணவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பின்னாளில் ஒரு பையன் எனக்கே அதைத் தாளில் போட்டுக் காட்டினான். விடை தேர்ந்தெடுக்கும் பகுதியில் 7. ஐந்து மதிப்பெண் வினாக்களில் எதையாவது எழுதினால் ஒன்றுக்கு 2 வீதம் 10. திருவிழாக் கட்டுரைக்கு 6. முகவர் பதவிக்கு விண்ணப்பிக்கும் கடிதத்துக்கு 6. ஆக 29. இன்னொரு எட்டு மதிப்பெண் வினாவில் வினாவையே திருப்பி எழுதினால் 1. முடிந்தது.

இதில் ஆங்கிலம் எங்கே வருகிறது என்று கேட்காதீர்கள். இரண்டு பக்கம் மனப்பாடம், கொஞ்சம் தைரியம், அவ்வளவுதான். வினாக்கள் சுற்றிச் சுற்றி வருவதால் எந்த இரண்டு பக்கம் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

பாடம் எடுப்பது யார்? நான் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018ஆம் ஆண்டு விதிப்படி பேராசிரியருக்கு வாரம் 14 மணி நேரம் நேரடி வகுப்பு, உதவிப் பேராசிரியருக்கு 16. என் 14 மணி நேரமும் முதுகலை வகுப்புகளில் கழிகிறது. அதற்கு மேல் ஆய்வு மாணவர்கள், ஒரு பேராசிரியர் எட்டுப் பேர் வரை வைத்துக்கொள்ளலாம். அப்புறம் பாடத்திட்டக் குழு, நேர்முகத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, மதிப்பீட்டு அறிக்கை. முதலாம் ஆண்டு இளங்கலை மாணவர் ஒருவரை வகுப்பில் வைத்துப் பார்த்து எனக்கு 20 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர்களை எனக்கு, விடைத்தாளில் பெயருக்குப் பதில் இருக்கும் டம்மி நம்பராக மட்டுமே தெரியும்.

அவர்களுக்கு வகுப்பு எடுத்தவர் ஒரு கௌரவ விரிவுரையாளர். கல்லூரி ஆசிரியருக்கான நெட் தகுதித் தேர்வில் தேர்ச்சி, முனைவர் பட்டம் எல்லாம் வைத்திருப்பவர். 2019இல் யுஜிசி கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 என்று சொன்னது. அந்த எண்ணை அவரிடம் சொன்னபோது, "அதைக் காயிதத்துல பாத்திருக்கேனுங் மேடம்" என்றார். ஒரு வகுப்பில் அறுபதுக்கு மேல் பேர், அதுபோல நான்கு வகுப்பு. கல்லூரி நிர்வாகம் அவரிடம் கேட்பது ஒன்றே ஒன்று, தேர்ச்சி விகிதம்.

விசாரணை

காப்பி அடித்திருக்கிறார்கள் என்று முகாமில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். 31 பேரின் முடிவும் நிறுத்தி வைக்கப்பட்டது. மூன்று பேர் கொண்ட குழு போட்டார்கள்: நான், தேர்வுப் பிரிவு அலுவலர் ஒருவர், வேறு கல்லூரியின் வணிகவியல் ஆசிரியர் ஒருவர். ஒரு கட்டு நான் திருத்தியது, ஆகவே என்னைச் சேர்ப்பது முறையல்ல என்று எழுதிக் கொடுத்தேன். விடுமுறையில் வேறு ஆள் கிடைக்கவில்லை என்று பதில் வந்தது.

முதலில் இருக்கை வரைபடத்தை எடுத்தோம். காப்பி என்ற குற்றச்சாட்டு அங்கேயே ஆட்டம் கண்டது. 31 பேரும் நான்கு அறைகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு பெஞ்சிலும் பக்கத்தில் வேறு பாடத்தின் தேர்வு எழுதும் மாணவர். பறக்கும் படை அன்று இரண்டு முறை வந்து போயிருக்கிறது. துண்டுச் சீட்டு எதுவும் சிக்கவில்லை. நான்கு அறைகளிலும் ஒரே பிழை எப்படிப் போனது என்பதற்கு ஒரே விடைதான் இருந்தது: பிழை அறைக்கு வெளியிலிருந்து, அவர்கள் தலைக்குள் உட்கார்ந்து வந்திருக்கிறது.

மாணவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். முதலில் வந்தது ஒரு வணிகவியல் மாணவி. பயந்து போயிருந்தாள். கையில் கைக்குட்டையைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். "இந்தக் கட்டுரையை எங்கிருந்து எழுதினாய்?" என்றார் தேர்வுப் பிரிவு அலுவலர். "படிச்சுத்தானுங் எழுதுனேன்." "சொல்லு பார்க்கலாம்."

சொன்னாள். மூச்சு விடாமல், ஒரு சொல் மாறாமல், இரண்டு பக்கம். 'புரொஃபெஷன்' வந்த இடத்திலும் தடங்கல் இல்லை. நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நடுவில் நிறுத்தி, "ஆற்றில் இறங்குவது வரைக்கும் சொன்னாய், அதற்கு அடுத்தது?" என்று கேட்டேன். அவளால் அங்கிருந்து எடுக்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். வாய்ப்பாட்டில் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் ஓரேழு ஏழிலிருந்து வருவோமே, அப்படி.

"மதுரைக்குப் போயிருக்கிறாயா?"

"இல்லீங் மேடம்."

"உங்கள் ஊரில் திருவிழா நடக்காதா?"

பதில் இல்லை. குனிந்துகொண்டாள். எனக்கு அப்போதுதான் நாக்கில் என் சொந்த ஊர்ச் சொல் வந்தது. "உங்க ஊர்ல நோம்பி எப்பம்மா சாட்டுவாங்க?"

"நோம்பிங்களா?" என்று நிமிர்ந்தாள். அதற்கப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. பூச்சாட்டு, மூன்று கிளை உள்ள கம்பத்தை மாரியம்மன் கோயில் முன்னால் நடுவது, விடிகாலையில் பெண்கள் குடத்தில் மஞ்சள் தண்ணி கொண்டுவந்து கம்பத்துக்கு ஊற்றுவது, ராத்திரி கம்பத்தைச் சுற்றி ஆட்டம், பூவோடு, மாவிளக்கு, விருந்துக்கு வந்த ஒறம்பரை நிறைந்த வீடு, கடைசி நாள் கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விடும்போது கிழவிகள் அழுவது. அவள் அம்மா தறிக்குப் போகாத நாள் வருஷத்தில் அந்த இரண்டே நாள்தான் என்பது வரை சொன்னாள். பத்து நிமிஷம் இருக்கும். வணிகவியல் ஆசிரியர் குறிப்பெடுப்பதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதைத்தானே அம்மா கேள்வியில் கேட்டிருக்கிறது?" என்றேன்.

என்னை விசித்திரமாகப் பார்த்தாள். கேள்வித்தாளில் இருந்த 'ஃபெஸ்டிவல்' அவளுக்கு நோம்பி அல்ல. அது ஐந்தாம் அலகு, மூன்றாம் கேள்வி, நோட்ஸில் 42ஆம் பக்கம்.

மற்ற முப்பது பேரும் கிட்டத்தட்ட இப்படியே. நோட்ஸ் தென்மாவட்டத்தில் யாரோ போட்டது. அங்கிருக்கும் மாணவருக்கு அழகர் சொந்த ஊர்க்காரர்தான், அச்சுப் பிழையைத் தவிர அதில் குற்றம் சொல்ல ஏதுமில்லை. அது நகல் கடைகள் வழியாக ஊர் ஊராகப் பயணம் செய்து இங்கே வந்திருக்கிறது. பாடம் முடிக்க ஆறு வாரம் பாக்கி இருந்தபோது கௌரவ விரிவுரையாளரே அதை வகுப்புக்குக் கொடுத்திருக்கிறார். மறைக்கவில்லை. "தப்புத்தானுங். ஆனா அதைக் குடுக்கலைன்னா பாதிப் பேர் அரியருங் மேடம்" என்றார்.

அந்த மாணவியின் அப்பா ஒருநாள் வந்தார். விசைத்தறி ஓட்டுபவர். தலையில் பஞ்சுத் தூசி. பெண்ணுக்கு மாதா மாதம் வரும் புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் நின்றுவிடுமோ என்ற கவலையில் வந்திருந்தார். நிற்காது என்று சொன்னதும் கொஞ்சம் ஆசுவாசப்பட்டார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். "படிச்சதைத்தானுங் எழுதியிருக்குது. படிக்காம எழுதுனாத்தானுங் தப்பு?"

அறிக்கையில் எழுதத்தக்க பதில் எங்கள் மூவரிடமும் இல்லை.

பீகாக் புல்

அந்தக் கல்லூரியின் மற்றத் தாள்களையும் குழு பார்க்க வேண்டியிருந்தது. அதில் ஒன்று, ஒரு பையனுடையது. அழகர் இல்லை. அவன் எழுதியதை அப்படியே தருகிறேன், ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்தில்:

"மை வில்லேஜ் நியர் கண்ணபுரம். சித்திரை மன்த் மாரியம்மன் ஃபெஸ்டிவல், கௌ மார்க்கெட். மை கிராண்ட்ஃபாதர் கோ மார்க்கெட். பீகாக் புல் டேக். மெனி பீப்பிள் கம், டச், சீ டீத். ரேட் டாக் இன் டவல். பட் புல் நாட் சேல். புல் கம் ஹோம். மை கிராண்ட்ஃபாதர் ஹாப்பி."

8க்கு 2. என் சுருக்கொப்பம். 'பீகாக் புல்' என்பதன் அடியில் நானே சிவப்புக் கோடு போட்டு, பக்கத்தில் கேள்விக்குறியும் போட்டிருந்தேன்.

வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் கண்ணபுரத்தில் சித்திரையில் கூடும் மாட்டுச் சந்தை காங்கேயம் மாடுகளுக்குப் பேர்போனது. காங்கேயம் மாட்டில் மயிலை, காரி, செவலை, பிள்ளை என்று நிறத்தை வைத்துப் பெயர். அவன் அப்பாரு கூட்டிப்போனது மயிலைக் காளை, அதாவது சாம்பல் நிறக் காளை. மயிலையில் அவன் மயிலைக் கண்டான், 'பீகாக்' என்று எழுதினான். துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கத்தை நான்கே சொல்லில் சொல்லியிருக்கிறான். கடைசி மூன்று வரியைத் திரும்பப் படியுங்கள். விற்கப் போன மாடு விற்கவில்லை, கிழவருக்குச் சந்தோஷம். 31 அழகர் கட்டுரையிலும் இல்லாத ஒன்று அதில் இருக்கிறது: ஒரு ஆள், அவர் மனதில் ஒரு முரண்.

நான் இந்த ஊர்க்காரி. எங்கள் தோட்டத்தில் மயிலைக் காளை நின்றிருக்கிறது. ஆனால் முகாமில் ஒரு தாளுக்கு ஐந்து நிமிஷம் கூடக் கிடைப்பதில்லை. அந்த வேகத்தில் நான் படித்தது ஆங்கிலத்தைக்கூட அல்ல. கண் ஓடும்போது தடுக்காமல் போகிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறேன். அழகர் தடுக்காமல் போனார், 6. காளை தடுக்கியது, 2.

அவன் பிழைகளைப் பிற்பாடு நிதானமாகப் பிரித்துப் பார்த்தேன். காலம் காட்டவில்லை. தமிழில் வினைச்சொல்லின் வாலிலேயே காலமும் ஆளும் ஒட்டிக்கொள்ளும், 'போனார்' என்றால் எல்லாம் அதற்குள் இருக்கும். ஆங்கில வினையில் அந்த வால் கிட்டத்தட்ட இல்லை, ஆகவே அவனுக்குக் கையில் அகப்பட்டது வெறும் வேர்ச்சொல். 'எ', 'த' போன்ற ஆர்ட்டிகிள்கள் ஒன்றுகூட இல்லை, தமிழில் அவற்றுக்கு நேர் ஆள் கிடையாது. வினையைக் கடைசியில் வைக்கிறான், 'பீகாக் புல் டேக்'. தமிழ் அப்படித்தான் வைக்கும். இந்த மூன்றையும் சரிசெய்ய முடியும், முறையாக எடுத்தால் ஒரு பருவம் போதும். அழகரை எழுதிய பெண்ணின் ஆங்கிலத்தில் எதைச் சரிசெய்வது? அதில் அவளுடைய பிழை ஒன்றுகூட இல்லை. இருந்த ஒரு பிழையும் அச்சகத்துடையது.

காப்பி இல்லை, மனப்பாடம். தண்டனைக்கு இடமில்லை என்று அறிக்கை கொடுத்தோம். முடிவுகள் வெளிவந்தன. 31 பேரும் தேறினார்கள். பையனுக்கு மொத்தத்தில் 27, அரியர். விதியில் இடம் இருந்ததால் மறுமதிப்பீட்டுக்குப் போட வைத்தேன். வேறு ஒருவர் திருத்தினார், 31 வந்தது. நான் அந்தப் பக்கமே போகவில்லை.

ஓட்டையும் பிசிறும்

ஜூலையில் மூன்றாம் பருவம் தொடங்கியபோது, அந்தக் கல்லூரியில் வாரம் இரண்டு மணி நேரம் அதே வகுப்புக்குப் போக அனுமதி கேட்டேன். துறையில் சிலருக்கு இது வேடிக்கையாக இருந்தது. பேராசிரியர் போய்ப் பகுதி 2 எடுப்பதா?

முதல் நாலு வாரம் படுதோல்வி. நான் ஆங்கிலத்தில் பேசினால் வகுப்பு கம்மென்று இருந்தது. தமிழில் பேசினால் கலகலப்பாக இருந்தது, ஆனால் ஆங்கிலம் நடக்கவில்லை. எழுதச் சொன்னால் வெள்ளைத் தாள். தப்பாகிவிடுமே என்ற கூச்சம். தப்புப் பண்ணாமல் எழுத அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி அடுத்தவர் எழுதியதை ஒப்பிப்பது.

வழி காட்டியது அந்த வணிகவியல் மாணவிதான். லீவு நாளில் திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறாள். என்ன செய்வாய் என்று கேட்டேன். தைத்து வந்த பீஸை மேசையில் விரித்து, டேமேஜ் இருக்கும் இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது. "எல்லா டேமேஜும் ஒண்ணாம்மா?" "இல்லீங் மேடம். பிசிறு இருந்தா வெட்டிட்டு அனுப்பிரலாமுங். தையல் உட்டிருந்தா திருப்பித் தைக்கோணும். ஓட்டை இருந்தா ரிஜெக்ட்டுங்."

நான் 30 வருஷமாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

அடுத்த வாரம் ஸ்டிக்கர் கட்டு வாங்கிக்கொண்டு போனேன். ஆளுக்கு ஐந்து வரி, தங்கள் வீட்டில் நேற்று நடந்தது. தாளை மாற்றிக்கொண்டு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். எழுத்துப் பிழை, 'எ', 'த' விட்டது எல்லாம் பிசிறு. காலம் தவறினால், சொல் இடம் மாறினால் தையல் விட்டது. படிப்பவருக்கு என்ன நடந்தது என்றே தெரியாவிட்டால் ஓட்டை. முதலில் ஓட்டையை அடை, அப்புறம் தையல், பிசிறு கடைசியில். முதல் நாள் அவர்கள் ஒட்டியது முழுக்கப் பிசிறுக்குத்தான், பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் செய்ததைப் போல. மெல்ல மெல்லத்தான் ஓட்டையைத் தேடக் கற்றார்கள்.

வேடிக்கையும் நிறைய நடந்தது. பூவோடு என்பது தீச்சட்டி, அதை ஒருத்தி செல்போனில் போட்டுப் பார்த்து 'ஃபிளவர் டைல்' என்று எழுதினாள், இன்னொருத்தன் 'ஃபிளவர் ரன்' என்று எழுதினான். வகுப்பே சிரித்து முடித்த பிறகு, தமிழ்ச் சொல்லையே வைத்து அது என்ன என்று ஒரு வரி எழுதலாமே என்றேன். "தமிழ் வார்த்தையை இங்கிலீஷ் பேப்பர்ல எழுதலாமுங்களா?" என்று உண்மையாகவே அதிர்ச்சியோடு கேட்டான் ஒருவன்.

கௌரவ விரிவுரையாளர் சில நாள் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். அப்புறம் தன் மற்ற மூன்று வகுப்புகளிலும் ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பித்தார். அவர் என்னைவிட நன்றாகவே செய்தார், அதைச் சொல்லியாக வேண்டும். அவருக்கு அந்தப் பிள்ளைகளைப் பெயர் சொல்லித் தெரியும்.

பாடத்திட்டத்தை மாற்றக் குழு கூடி, ஒப்புதல் வாங்கி, ஒரு வருஷமாவது ஆகும். ஆனால் வினாத்தாள் தயாரிப்பவருக்குக் குறிப்பு அனுப்பலாம். பொதுக் கட்டுரை வினாவை எழுதுபவர் சொந்தமாகப் பார்த்ததைக் கேட்பதாக அமையுங்கள் என்று எழுதினோம். நவம்பர் தாளில் வினா இப்படி வந்தது: இந்த ஆண்டு உங்கள் ஊர் விழாவில் உங்கள் வீட்டில் யார் என்ன செய்தார்கள்?

விளைவு

தேர்ச்சி விகிதம் இறங்கியது. அதை அலங்கரித்துச் சொல்ல வழியில்லை. கல்லூரி நிர்வாகத்திலிருந்து தொலைபேசி வந்தது. "நீங்க வந்து எடுத்தப்புறமா மேடம் இப்படி?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை.

நோட்ஸ் வியாபாரிகளும் சும்மா இருக்கவில்லை. புது வினா வருகிறது என்று மோப்பம் பிடித்து, கோடிட்ட இடத்தை நிரப்பும் கட்டுரை ஒன்று சந்தைக்கு வந்துவிட்டது: என் ஊர் இன்னது, என் அப்பா இதைச் செய்தார், என் அம்மா அதைச் செய்தார். டிசம்பர் முகாமில் பக்கத்து மாவட்டத் தாள்கள் சிலவற்றில் கோடிட்ட இடம் அப்படியே இருந்தது. "மை வில்லேஜ் இஸ் யுவர் வில்லேஜ் நேம்." திருத்திய இளைஞர் அதற்கும் 4 போட்டிருந்தார்.

எங்கள் வகுப்பு என்ன ஆனது? ஒப்பித்தே பழகிய சிலர் இரண்டுங்கெட்டானாகத் தடுமாறினார்கள். மூன்று நான்கு பேர் அரியர் வைத்தது என் சோதனையால்தான் என்று நினைக்கிறேன். அவர்களுக்காக ஜனவரி முழுக்க சனிக்கிழமை வகுப்பு வைத்தோம். ஏப்ரலில் இருவர் தேறினார்கள். மயிலைக் காளைப் பையன் 38 வாங்கினான், வினைச்சொல்லை நடுவில் வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டான், 'த' மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. அவன் கணக்குப்படி அது பிசிறு.

அந்த டிசம்பர் முகாமில் இன்னொன்றும் நடந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த உதவிப் பேராசிரியர் ஒருவர் ஒரு தாளைக் கொண்டுவந்தார். நடுவில் ஒரு சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஆங்கில எழுத்தில் 'நோம்பி'. "இது ஸ்பெல்லிங் மிஸ்டேக்தானே மேடம்?"

மிஸ்டேக் இல்லை, எங்கள் ஊர்ச் சொல் என்று விளக்கினேன். கொஞ்சம் சூடாகவே விளக்கினேன் போல. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்குப் புரியலையே மேடம். படிக்கிறவனுக்குப் புரியலைன்னா ஓட்டைன்னு நீங்கதானே காலையில சொன்னீங்க?" என்றார். சரி, மடக்கிவிட்டார். பூவோட்டுக்கு நான் சொன்ன அந்த ஒரு வரி விளக்கம் இந்தத் தாளில் இல்லை. அரை மணி நேரம் விவாதித்துக் கடைசியில் 5 போட்டோம்.

பொங்கல் லீவு முடிந்து வகுப்புக்குப் போனபோது இதைச் சொன்னேன். தஞ்சாவூர்க்காரர் ஒருவர் உங்கள் தாளைப் படிக்கலாம், அவருக்கு நோம்பி தெரியாது, ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். வகுப்பு வழக்கம்போலத் தலையாட்டியது. அந்த வணிகவியல் மாணவி மட்டும் கையைத் தூக்கினாள்.

"நாங்க எழுதறதைப் படிப்பாங்களா மேடம்? மார்க்குப் போடுவாங்கன்னுதானுங் நெனச்சேன்."